கலங்கி வந்த தண்ணீர்

அப்பா இங்கே, லாஸ் ஏஞ்சலஸுக்கு, வந்த மூன்றாவது வாரத்திலேயே அவருக்குச் சலித்துவிட்டது. கடற்கரை பார்த்தாயிற்று. மாலிபு கோயிலுக்கு இரண்டு முறை போயாயிற்று. ஹாலிவுட்டில் நட்சத்திரம் பதித்த நடைபாதையைக் காட்டினேன். "பேரை எழுதி வச்சுட்டு அது மேலேயே மிதிச்சுப் போறாங்களே" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். பெரியாறு பிரதானக் கால்வாயில், மேலூர்ப் பக்கம், முப்பது வருடத்துக்கு மேல் மதகு ஏற்றி இறக்கியவர். ஒரு நாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏந்தம்பி, இம்புட்டுப் பெரிய ஊருக்குத் தண்ணி எங்கிருந்து வருது? ஆத்தைப் பாத்தா சிமெண்டு போட்ட ஓடையா கிடக்கு."

சொன்னேன். வடக்கே 230 மைலுக்கு அப்பால், சியரா நெவாடா மலைக்கு அந்தப் பக்கம், ஓவன்ஸ் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கிருந்து வருகிறது. வழியில் ஒரு பம்ப்செட் கிடையாது, முழுக்கச் சரிவிலேயே ஓடி வருகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கட்டுனது யாரு?"

"வில்லியம் மல்ஹாலண்ட்னு ஒருத்தர். இன்ஜினியரிங் காலேஜ் பக்கமே போகாதவர். உங்க வேலையிலதான் ஆரம்பிச்சாரு."

பொய்யில்லை. 1855-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, பதினைந்து வயதில் வீட்டை விட்டு ஓடிக் கப்பலேறி, 1877-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தவர் அவர். அடுத்த வருடம் அவருக்குக் கிடைத்த வேலை, ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலில் குப்பை கூளம் அள்ளுவது. ஸ்பானியர் காலத்துப் பெயரில் அந்த வேலைக்காரரை சான்ஹெரோ என்பார்கள். நம் ஊர்ப் பேச்சில் நீர்க்கட்டி. ஒரு நாள் கம்பெனி முதலாளி குதிரை வண்டியில் வந்து, யார் நீ, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்க, மண்வெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்ற பொருளில் ஏதோ கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னாராம். கேட்டது முதலாளி என்று பின்னால் தெரிந்து, கணக்கைத் தீர்த்து வாங்கிக்கொள்ள அலுவலகம் போனவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று கதை. இந்த இடத்தில் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் வேலைக் காலத்தில் இப்படிப் பேசியிருந்தால் சம்பளம் நின்றிருக்கும்.

"அவரு கட்டுன அணை பக்கத்துல எதாச்சும் இருக்கா?"

"ஒண்ணு இருந்துச்சு. உடைஞ்சுபோச்சு."

"அப்ப அதைக் காட்டு" என்றார்.

சான் ஃபிரான்சிஸ்கீட்டோ மலையிடுக்கு எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. பழைய தார்ச்சாலையை மூடிவிட்டு மேலே புதுச்சாலை போட்டிருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பழைய சாலையிலேயே நடக்க வேண்டும். முதல் தடவை போகிறவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை என்று தோன்றும். புதர், காய்ந்த ஓடை, இரண்டு பக்கமும் மலை. அப்புறம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். ஓடையோரம் கிடக்கும் பாறைகளில் சில பாறைகள் இல்லை, கான்கிரீட். ஒன்றில் படிக்கட்டு மாதிரி வெட்டு. இன்னொன்றில் துருப்பிடித்த கம்பி. மேற்குக் குன்றின் முதுகில் ஒரு நீளச் சுவர் மட்டும் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் நிற்கிறது. அது அணையின் பக்கவாட்டுக் கரை. மீதி எல்லாம் 1928 மார்ச் 12-ஆம் தேதி இரவு 11 மணி 57 நிமிடத்துக்குப் போய்விட்டது.

அணையின் பெயர் செயின்ட் ஃபிரான்சிஸ். 1924-ல் தொடங்கி 1926-ல் கட்டி முடித்தார்கள். கிட்டத்தட்ட 200 அடி உயரம். வளைவாக நின்ற கான்கிரீட் எடையணை. கொள்ளளவு 38,000 ஏக்கர் அடி. நம் கணக்கில் 1.6 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல். செம்பரம்பாக்கம் ஏரியில் பாதிகூட இல்லை. ஆனால் செம்பரம்பாக்கம் தண்ணீர் பரந்து கிடப்பது. இது ஒரு குறுகிய மலையிடுக்கில் நெட்டுக்குத்தாக நின்ற தண்ணீர்.

இதை ஏன் இங்கே கட்டினார்கள்? மல்ஹாலண்டின் கால்வாய் 1913 நவம்பர் 5 அன்று திறந்தது. மலைச்சரிவில் தண்ணீர் இறங்கி வர, "இதோ இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் பேசியதாகச் சொல்வார்கள். மறுவருடம் பெர்க்லி பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1900-ல் ஒரு லட்சம் பேர் இருந்த ஊர் 1930-ல் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது. அந்தப் பக்கம் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் ஏரி வற்றியது. தோட்டம் காய்ந்த விவசாயிகள் 1924-லிருந்து கால்வாய்க்கு டைனமைட் வைக்க ஆரம்பித்தார்கள். போதாததற்கு, கால்வாய் சான் ஆண்ட்ரியாஸ் என்னும் நிலப்பிளவைக் கடந்து வருகிறது. நிலநடுக்கம் வந்தால் ஒரே நாளில் ஊர் வறண்டுவிடும். ஆகவே பிளவுக்குத் தெற்கே, நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு வருடத் தண்ணீரைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று நினைத்தார். நியாயமான பயம்தான். பெரிய பிளவைப் பார்த்துப் பயந்தவர் காலடிப் பாறையைப் பார்த்துப் பயப்படவில்லை.

காலடிப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிழக்குப் பக்கச் சரிவு முழுக்க மைக்கா கலந்த படலப் பாறை. சீட்டுக்கட்டைச் சாய்த்து வைத்தது மாதிரி அடுக்கடுக்காக, ஓடையை நோக்கியே சரிந்து கிடக்கும். மேற்குப் பக்கம் செம்மண் நிறத்தில் கூழாங்கல் திரண்ட பாறை. காய்ந்திருக்கும்போது கடினம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பழைய, அடங்கிய பிளவு. கிழக்குப் பக்கப் பாறை நம்பத்தக்கதல்ல என்பது மல்ஹாலண்டுக்குத் தெரியாத விஷயமில்லை. கால்வாய்க்குச் சுரங்கம் குடைந்த காலத்தில் அவரே அதைக் குறித்து வைத்திருக்கிறார்.

அப்பா மேற்குப் பக்கம் போய்ச் செங்கல் நிறக் கட்டி ஒன்றை எடுத்தார். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தார். உடையவில்லை. என் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி, அதன் மூடியில் தண்ணீர் ஊற்றி, கட்டியை அதில் வைத்தார். சின்னச் சின்னக் குமிழ் வந்தது. நாங்கள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஓரங்கள் கரைந்து, கட்டி தளர்ந்து, மூடியில் சிவப்புச் சேறும் நாலைந்து பொடிக்கல்லும் மிஞ்சின.

"இதுலயா கொண்டுபோய்ச் சாச்சாரு?" என்றார்.

1928-ல் உடைப்புக்குப் பிறகு இதே பரிசோதனையைக் கண்ணாடி டம்ளரில் செய்து காட்டினார்கள். அந்தப் படம்கூட இருக்கிறது. நான் அப்பாவிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. கையில் மண்ணை வைத்திருப்பவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை போலும்.

அடுத்த விஷயத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, நானும் கட்டுமானத் தொழிலில் இருப்பவன் என்பதால். கட்டும்போதே அணையின் உயரத்தை இரண்டு முறை கூட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பத்தடி. கொள்ளளவு 30,000 ஏக்கர் அடியிலிருந்து 38,000 ஆனது இப்படித்தான். அடிப்பாகத்தை அதற்கேற்ப அகலமாக்கவில்லை. எடையணை என்பது தன் கனத்தால் நிற்பது. தண்ணீர் தள்ளுகிறது, அணை தன் எடையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அணைக்கு அடியில் பாறை வெடிப்புகளில் கசிந்து புகும் தண்ணீர் அணையைக் கீழிருந்து மேலே தூக்கும். கிணற்றுத் தண்ணீருக்குள் இருக்கும்வரை வாளி கனக்காமல் இருக்கிறதே, அதே சமாசாரம். தூக்கத் தூக்க அணையின் எடை பயனற்றுப் போகும். 1895-ல் பிரான்சில் பூஸே அணை போனதிலிருந்தே இது அணை கட்டுகிறவர்களுக்குத் தெரியும். 1915-லும் 1916-லும் அமெரிக்காவிலேயே முடித்த ஆரோராக், எலிஃபண்ட் பியூட் அணைகளில் பாறை வெடிப்பைச் சிமெண்டுப் பாலால் அடைத்தார்கள், வடிகால் துளை போட்டார்கள். மல்ஹாலண்ட் நடுப்பகுதியில் மட்டும் பத்துத் துளை வைத்தார். இரண்டு பக்கச் சரிவுகளிலும் ஒன்றும் இல்லை.

உடைந்த பிறகு, இரண்டு பக்கமும் காணாமல்போய், நடுத்துண்டு மட்டும் ஒற்றைப் பல்லாக நின்றது. ஜனங்கள் அதற்குக் கல்லறைக்கல் என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு பையன் அதன் மேலிருந்து விழுந்து செத்ததும் 1929-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நானும் அப்பாவும் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றது அந்தத் துண்டுகளில் ஒன்றின் மேலாக இருக்கலாம்.

அங்கே உட்கார்ந்துதான் அந்தக் காலை நேரத்தைப் பற்றிச் சொன்னேன்.

அணைக்குக் கீழே வீடு போட்டுத் தங்கியிருந்த காவலர் டோனி ஹார்னிஷ்ஃபெகர். 12-ஆம் தேதி காலை சுற்றி வரும்போது மேற்குப் பக்கம் புதுக் கசிவு ஒன்றைப் பார்த்தார். கசிவு அந்த அணைக்குப் புதிதல்ல. ஆனால் இது கலங்கலாக வந்தது. உடனே போன் செய்தார். மல்ஹாலண்டும் அவருடைய உதவியாளர் ஹார்வி வான் நார்மனும் பத்தரை மணி வாக்கில் வந்து சேர்ந்தார்கள். அணை அப்போது விளிம்புக்கு மூன்று அங்குலம் குறைவாக நிரம்பி இருந்தது. இருவரும் இரண்டு மணி நேரம் பார்த்தார்கள்.

"கலங்கலா வந்துச்சா?" அப்பா உரித்த ஆரஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கலங்கலாத்தான் தெரிஞ்சுது. ஆனா அவரு கசிவு கிளம்புற எடம்வரைக்கும் போய்ப் பாத்தாரு. அங்க தெளிவா இருந்துச்சாம். பக்கத்துல புதுசா ரோடு போட்ட மண்ணுல கலந்துதான் கலங்குதுன்னு முடிவு பண்ணாரு. பயமில்லைன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னதை, என் மொழியில் சுருக்கி எழுதுகிறேன். ஒரு ஐப்பசியில் அவர் பார்வையில் இருந்த கண்மாய்க்கரையின் அடியில் ஈரம் கண்டிருக்கிறது. எந்தக் கரையும் கொஞ்சம் கசியும். தெளிந்து வந்தால் கரை மூச்சு விடுகிறது என்று விட்டுவிடலாம், கலங்கி வந்தால் கரையைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். பார்த்தால் தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு சொம்பில் பிடித்துக் கரையிலேயே வைத்துவிட்டு, ஒரு பீடி குடித்து முடித்து வந்து பார்த்தார். சொம்பின் அடியில் விரல் நகம் அளவுக்கு வண்டல். ஊருக்குள் போய் ஆள் கூட்டி வந்து மணல்மூட்டை அடுக்கினார்கள். செக்ஷன் ஆபீசர் மறுநாள் வந்து, இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம் என்று திட்டினாராம்.

"திட்டு வாங்குனா என்ன. கரை இருக்குல்ல" என்றார்.

மல்ஹாலண்ட் அசட்டையாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. 72 வயதில், போன் வந்ததும் நாற்பது மைல் வந்து, சரிவில் ஏறி, கசிவின் ஊற்றுக்கண் வரை போய்ப் பார்த்தவரை அசட்டை என்று எப்படிச் சொல்வது? அவர் தேடிப்போனது ஒரு விடை. கிடைத்ததும் திருப்தியாகிவிட்டார். அனுபவசாலிகளுக்கு இது ஒரு வியாதி. விடை சீக்கிரம் கிடைத்துவிடும். அணையை அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் வற்றவைத்திருக்க முடியாது, உண்மை. கீழே இருந்தவர்களைக் கிளப்பியிருக்க முடியும். ஒன்றும் நடக்காமல் போயிருந்தால் மறுநாள் நாலு பேர் சிரித்திருப்பார்கள்.

நள்ளிரவுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அணை போனது. முதல் அலை 140 அடி. ஒன்றரை மைல் கீழே இருந்த இரண்டாம் மின்நிலையத்தில் தொழிலாளிகளும் குடும்பத்தாருமாக 67 பேர், மூன்று பேர்தான் பிழைத்தார்கள். எடிசன் கம்பெனி ஆட்கள் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த முகாமில் 84 பேர் போனார்கள். சான்டா பவுலா ஊரில் இரண்டு போலீஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடாகக் கதவைத் தட்டி, மற்ற வீடுகளை நீங்கள் எழுப்புங்கள் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்கள் தண்ணீர் வருகிறது என்று தெரிந்தும் இடத்தை விட்டு எழாமல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார்கள். 54 மைல் ஓடி, விடியற்காலை ஐந்தரைக்கு வெள்ளம் கடலில் விழுந்தது. பின்னாளில் பெயர் பெயராகச் சேகரித்தவர்களின் கணக்கு 431. அதிலும் ஆரஞ்சுத் தோட்டங்களில் கூலிக்கு வந்திருந்த மெக்சிகோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. பெயர்ப்பதிவேட்டில் இல்லாதவர் செத்தோர் பட்டியலில் எப்படி வருவார்?

காவலர் டோனியும் அவருடைய ஆறு வயது மகனும் முதலில் போனவர்களில் சேர்த்தி. டோனியின் உடல் கிடைக்கவே இல்லை.

அப்புறம் விசாரணை. மரண விசாரணை ஜூரி முன்னால் மல்ஹாலண்ட் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். செத்தவர்களைப் பார்த்துத்தான் பொறாமையாக இருக்கிறது என்றார். பிறகு, இன்றுவரை எல்லாரும் எடுத்துச் சொல்லும் அந்தப் பேச்சு: வேறு யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், என் மேல் போடுங்கள். மனித முடிவில் பிழை நேர்ந்திருந்தால், அந்த மனிதன் நான்தான்.

கல்லூரியில் ஒரு பேராசிரியர் இந்த வரியைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியதை நான் பார்த்திருக்கிறேன். பழியை அடுத்தவன் தலையில் கட்டுவதே வழக்கமாகிப்போன தொழிலில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே பெரிய விஷயம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்த வரி எனக்கு அவ்வளவு சுலபமாக இறங்குவதில்லை. காரணம் என் சொந்தக் கதை.

ஊரில் வேலை பார்த்த காலம். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு சரிவில் தாங்குசுவர் கட்டினோம். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டைகளில் பாதி, பூச்சு வேலையில் அடைந்துபோய்விட்டது. கொத்தனார் இரண்டு முறை சொன்னார். நான் மேலே இருந்த சீனியரிடம் ஒரு முறை, அதுவும் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் அந்த வட்டாரத்திலேயே பெரிய கை. ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதெல்லாம் தாங்கும் என்றார். தாங்கும் என்றவர் அவர், நான் யார் என்று வந்துவிட்டேன். அந்த மழையில் சுவர் சாய்ந்து ஒரு வண்டி ஷெட்டின் மேல் விழுந்தது. ராத்திரி நேரம், ஆள் யாரும் இல்லை. மறுநாள் கூட்டத்தில் சீனியர் எழுந்து, முழுப் பொறுப்பும் என்னுடையது, பையன்களை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அன்று எனக்குள் முதலில் வந்தது மரியாதை இல்லை, நிம்மதி. அவர் ஏற்றுக்கொண்டாயிற்று, இனி என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கொத்தனார் சொன்னது எந்த அறிக்கையிலும் வரவில்லை. நான் எத்தனை முறை, எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளப் பத்து வருடம் ஆயிற்று.

மல்ஹாலண்டின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால் ஒரே விஷயம் மறுபடி மறுபடி வருகிறது. 1902-ல் தனியார் தண்ணீர்க் கம்பெனியை நகரம் வாங்கியபோது குழாய்களுக்கு ஒழுங்கான வரைபடம் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய், எத்தனை வருடம் பழையது என்று எல்லாவற்றையும் அவர் மனப்பாடமாகச் சொன்னார். நகரம் குழாய்களை வாங்கும்போது என்னையும் சேர்த்து வாங்கிவிட்டது என்று அவரே வேடிக்கையாகச் சொல்லுவார். கலிபோர்னியாவில் அணை மேற்பார்வைக்குச் சட்டம் அப்போதே இருந்தது, ஆனால் நகராட்சிகள் கட்டும் அணைக்கு விலக்கு. செயின்ட் ஃபிரான்சிஸ் அணையின் வரைபடத்தை வெளியாள் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. இருபதடி உயர்த்தியதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் காலையில் அவர் பயமில்லை என்றபோது, கூட நின்ற வான் நார்மனும் மறுத்ததாகத் தெரியவில்லை. வரைபடம் அவர் தலைக்குள், கணக்கு அவர் தலைக்குள், முடிவு அவர் தலைக்குள். கடைசியில் பழியையும் அவரே தலையில் ஏற்றிக்கொண்டார். பெருந்தன்மைதான். ஆனால் அந்த ஒரே தலையின் ஆட்சி அத்தோடு முழுமையாயிற்று. மற்ற எல்லாருக்கும் நிம்மதி.

நகரத்துக்கு அந்த நிம்மதி தேவையாகவும் இருந்தது. கொலராடோ ஆற்றின் குறுக்கே பிரம்மாண்ட அணை, பின்னாளில் ஹூவர் அணை, கட்டும் மசோதா அப்போது வாஷிங்டனில் நின்றுகொண்டிருந்தது. கான்கிரீட் அணை என்றாலே ஜனங்கள் நடுங்கினால் அது கவிழ்ந்துவிடும். ஆளுநர் அமைத்த குழு மார்ச் மாதம் முடிவதற்குள்ளேயே அறிக்கை கொடுத்துவிட்டது. பாறை மோசம், நல்ல பாறையில் கட்டினால் கான்கிரீட் அணை பத்திரமானது. நகரம் இழப்பீட்டை வழக்குக்கு இழுத்தடிக்காமல் பட்டுவாடா செய்தது. டிசம்பரில் மசோதா சட்டமாயிற்று. ஓவன்ஸ் விவசாயிகள் டைனமைட் வைத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சும் கிளம்பியது, ஆதாரம் எதுவும் தேறவில்லை.

மேற்குப் பக்கச் சிவப்புப் பாறை கரைந்துதான் அணை போனது என்று அந்தக் குழு சொன்னதைப் பல வருடம் நம்பினார்கள். டேவிட் ரோஜர்ஸ் என்ற புவியியல் பொறியாளர் திரும்ப ஆராய்ந்து, முதலில் நகர்ந்தது கிழக்குச் சரிவு என்றார். அந்தச் சரிவே ஒரு ஆதிகால நிலச்சரிவின் மிச்சம். நின்றுபோன சரிவுக்கு அணைத் தண்ணீர் ஈரம் கொடுத்து மறுபடி கிளப்பிவிட்டது. இதைக் காட்டி, 1920-களின் புவியியல் அறிவுக்கு அது எட்டாத விஷயம், பாவம் மனிதர் என்று ஒரு கட்சி. கீழிருந்து தூக்கும் அழுத்தம் எட்டிய விஷயம்தானே, அதற்கு என்ன செய்தார் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. நிலச்சரிவு தெரியாமல் இருக்கலாம். தெரியாதது இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் வடிகால் துளை, அதற்குத்தான் இன்னொரு ஆளின் கையெழுத்து.

ஜூரியும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. கிரிமினல் குற்றம் எதுவும் சுமத்தவில்லை. ஆனால் பெரிய அணையைக் கட்டுவதையும் நடத்துவதையும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ஒரே மனிதரின் முடிவுக்கு விடக் கூடாது என்று எழுதி வைத்தது. மறுவருடமே கலிபோர்னியா அணைகளை எல்லாம் மாநில அரசின் பார்வைக்குள் கொண்டுவந்தது, சிவில் இன்ஜினியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் 1979-ல் குஜராத்தின் மோர்பி ஊரை மச்சு அணை உடைந்து அடித்துக்கொண்டு போனது, அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2021-ல். இடைவெளியை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

மல்ஹாலண்ட் 1928 கடைசியில் பதவியை விட்டார். வான் நார்மன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கிழவர் ஏழு வருடம் பேச்சுக் குறைந்து வாழ்ந்து, 1935-ல், 79 வயதில் போனார். அவர் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது, மலைமேல் வளைந்து வளைந்து போகும் புகழ்பெற்ற சாலையும் இருக்கிறது. அவர் கொண்டுவந்த தண்ணீரும் இன்றைக்கும் வருகிறது, நான் அன்று காலை காபி போட்டதில் அது எவ்வளவு என்று பிரிக்கவா முடியும்.

காருக்குத் திரும்பும்போது அப்பா கேட்டார். "நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு பென்னிகுவிக் படம் வச்சுப் பொங்கல் வைக்கிறாங்க. அந்த அணை மட்டும் அன்னைக்குப் போயிருந்தா இவரு மாதிரிதான ஆயிருப்பாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டியை எடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவரை ஹாலிவுட் ஏரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருப்பது மல்ஹாலண்ட் அணை. செயின்ட் ஃபிரான்சிஸுக்கு முன்பு, ஏறக்குறைய அதே வரைபடத்தில் கட்டியது, அதற்கு அக்கா என்று சொல்லலாம். உடைப்புக்குப் பிறகு கீழே குடியிருந்தவர்கள் தூங்கவில்லை. ஏரியின் நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். 1930-களில் அணையின் முன்முகத்தை மறைக்கிற மாதிரி மண்ணைக் கொட்டிச் சாய்வாக்கி, மேலே மரமும் நட்டார்கள். இப்போது கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் அணை இருப்பதே சட்டென்று தெரியாது. பச்சைச் சரிவும், மரங்களுக்கு மேலே வரிசையாகக் கொஞ்சம் வளைவுகளும்தான்.

மேலே நடைபாதையில் நாயைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீர்ப் பக்கம் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மறுபக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். மரத்தலைகள்தான் தெரிந்தன. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, திரும்பி வந்து, மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

"அடி எங்கடா? அடிக்கு எறங்க வழி இல்லையா?"

"நம்மள விட மாட்டாங்கப்பா. வேலி போட்டிருக்கு."

"ராத்திரி யாரு சுத்துவா?"

தெரியாது என்றேன். கருவியெல்லாம் பதித்திருப்பார்கள், கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள் என்றேன். தலையாட்டிக்கொண்டார். போகலாம் என்று நான் சாவியை எடுத்த பிறகும், அவர் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே மரங்களுக்கு நடுவில் எங்கேயாவது ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.